தானா ஓடுதா, அண்ணா?

இந்தக் கட்டுரையை ஒரு பொய்யிலிருந்து ஆரம்பிக்கிறேன். பொய் சொன்னவன் நான்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நவம்பர் மாதம், தீபாவளி பொது உபசரிப்பு. கோவில் திடலில் மஞ்சள் நிறக் கூடாரம். ஒரு பக்கம் முறுக்கு, அதிரசம், மீ கோரேங். இன்னொரு பக்கம் எங்கள் ரோபோ மேசை. மேசைமேல் வெள்ளை விரிப்பு, அதில் வளைந்து வளைந்து போகும் கறுப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்து ரோபோ தானாகவே ஓட வேண்டும். ஜூலை மாதப் போட்டியில் அழகாக ஓடியது. அன்றைக்கு முதல் வளைவிலேயே கோட்டை விட்டுவிட்டு மேசை விளிம்புக்குப் போய்விட்டது. கீழே விழாமல் பிடித்தோம். மறுபடி வைத்தோம். மறுபடியும் அதே கதை.

அதற்குள் மைக்கில் கூப்பிட்டுவிட்டார்கள்: "பரிசு வாங்கின நம்ம பிள்ளைங்களோட ரோபோவ எல்லாரும் வந்து பாருங்க!" கூட்டம் சேர்ந்துவிட்டது. எனக்கு வியர்த்தது. குழுவில் மூத்த பையனிடம் காதோடு சொன்னேன்: "தம்பி, போன்ல ஓட்டு. கைய மேசைக்குக் கீழ வெச்சுக்கோ."

அவன் கெட்டிக்காரன். கைப்பேசிச் செயலியைத் திறந்து, புளூடூத் வழியாக ரோபோவைக் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போவதுபோல ஓட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் எட்டு, ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒன்று, கையில் பாதி கடித்த முறுக்கோடு நிமிர்ந்து என்னைக் கேட்டது: "தானா ஓடுதா, அண்ணா?"

"ஆமாம்மா, புரோகிராம்தான் ஓட்டுது" என்றேன்.

அந்த வாக்கியத்தைப் பாருங்கள். கைப்பேசிச் செயலியும் ஒரு புரோகிராம்தானே! சொல் அளவில் பொய் இல்லை. ஆனால் அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு எதைப் பதிலாகக் கொடுத்தேன் என்றும் தெரியும்.

யாருக்கு என்ன நஷ்டம்?

நான் செண்டாயானில் பிறந்து வளர்ந்தவன். இன்றைக்குச் செண்டாயான் என்றால் பண்டார் ஸ்ரீ செண்டாயான், வரிசை வீடுகள், தொழிற்பேட்டை என்றுதான் பலருக்குத் தெரியும். எங்கள் தாத்தா காலத்தில் அது தோட்டம். இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பராக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளி மாணவர்களின் ரோபோக் குழுவுக்கு உதவியாகப் போவேன். எங்களிடம் மூன்று ரோபோக்கள் இருந்தன. இரண்டு லெகோ ஈவி3 வகை. மூன்றாவது, இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்ட பழைய மாணவர்கள் செய்து கொடுத்த குட்டி சூமோ ரோபோ. பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும், அரைக் கிலோ எடை. எதிரியை வட்டத்துக்கு வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு நானே வக்கீல் ஆனேன். யாரிடமும் காசு வாங்கவில்லை. பிள்ளைகளின் பெயரைக் காப்பாற்றினேன். பார்த்த பிள்ளைகளுக்கு ஆர்வம் வந்தது. அந்த ரோபோ உண்மையிலேயே போட்டியில் தானாக ஓடியதுதானே? ஒரு நாள் ஓடாததற்காக அதன் திறமையே பொய்யாகிவிடுமா?

எங்கள் வட்டாரத்தில் திருக்குறள் வகுப்பு எடுக்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "ஐயா, நல்லது நடக்கும்னா பொய்யும் உண்மைக்குச் சமம்னு வள்ளுவரே சொல்லியிருக்காரே?" என்று கேட்டேன். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளைத்தான் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எல்லாரும் அந்தக் குறளுக்குத்தான் வர்றீங்க. வள்ளுவர் பொய்க்கு ஒரு இடம் கொடுத்தாரு, உண்மைதான். ஆனா அந்த வாசல் ரொம்பச் சின்னது. வர்ற நன்மையில ஒரு குறைகூட இருக்கக்கூடாது. உன் பொய்யில குறை இல்லையான்னு நீதான் போய்ப் பார்க்கணும். கொஞ்ச நாள் பொறுத்துப் பாரு."

பொறுத்துப் பார்த்தேன். தெரிந்துவிட்டது.

புதிய பள்ளித் தவணையில் குழுவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளில் அந்தப் பெண்ணும் இருந்தாள். முறுக்குக்காரி என்று நானே அடையாளம் கண்டுகொண்டேன். கோடு பிடித்து ஓடும் ரோபோவைத்தான் செய்வேன் என்று பிடிவாதமாக நின்றாள். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து செய்தாள். ஓடவும் ஓடியது. ஆனால் அவள் முகத்தில் சந்தோசம் இல்லை.

"என்னோடது ஏன் அண்ணா ஆடி ஆடிப் போகுது? அன்னிக்கு உங்களோடது வழுக்கிக்கிட்டுப் போச்சே. எனக்கு வரல போல."

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் விவரம் வேண்டும். கோடு பிடிக்கும் ரோபோவின் அடியில் ஒரு நிற சென்சார் இருக்கும். அது தரையில் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும். கறுப்பில் குறைவாக வரும், வெள்ளையில் அதிகமாக வரும். கறுப்பு தெரிந்தால் ஒரு பக்கம் திரும்பு, வெள்ளை தெரிந்தால் மறுபக்கம் திரும்பு என்பதுதான் ஆரம்பப் பாடம். அதனால் அது கோட்டின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டு, வாத்து நடை போட்டுத்தான் போகும். அந்த ஆட்டம்தான் அது தானாக யோசிக்கிறது என்பதற்கு அத்தாட்சி. கையால் ஓட்டினால்தான் ஆரம்ப நிலை ரோபோ அப்படி வழுக்கிக்கொண்டு போகும்.

ஆக, அந்தப் பிள்ளை சரியாகச் செய்திருந்தாள். என் பொய்யோடு தன் உண்மையை ஒப்பிட்டுப் பார்த்து, தன்னைத்தான் மக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

இது ஒரு நஷ்டம். இன்னொன்றும் இருக்கிறது. இடையில் வேறொரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தோம். ரோபோ மறுபடி தகராறு செய்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்த பையன் தானாகவே கைப்பேசியை மேசைக்குக் கீழே கொண்டுபோனான். முடிந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "சமாளிச்சிட்டேன் அண்ணா!" அவனுக்கு நான் நிரல் எழுதச் சொல்லிக் கொடுத்தது ஒரு வருசம். ஏமாற்றச் சொல்லிக் கொடுத்தது ஒரு நிமிசம். எது சீக்கிரம் பதிந்தது பாருங்கள்.

மகாபாரதத்தில் தருமரின் தேர் நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடும் என்பார்கள். துரோணரிடம் அசுவத்தாமன் இறந்தான் என்று உரக்கச் சொல்லி, யானை என்பதை மெல்லச் சொன்னார். அந்த நொடியில் தேர் மண்ணைத் தொட்டது. சின்ன வயதில் சமய வகுப்பில் கேட்டபோது, ஒரு சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னதற்கா இவ்வளவு பெரிய தண்டனை என்று நினைத்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தருமர் சொன்னதும் சொல் அளவில் உண்மைதான், நான் சொன்னதுபோல. அங்கே மாணவன் குருவை நம்ப வைத்து ஏமாற்றினான். இங்கே சொல்லிக் கொடுக்க வந்தவன் பிள்ளையை ஏமாற்றினேன். அவருக்காவது எதிரில் போர் இருந்தது. எனக்கு முன்னால் முறுக்குத் தட்டுதான் இருந்தது.

பொய் எங்கே ஆரம்பித்தது?

அந்தப் பொய் கூடாரத்தில் ஆரம்பித்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது ஜூலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

போட்டி முடிந்தது. கிண்ணத்தோடு படம் எடுத்தோம். ரோபோவைப் பெட்டியில் போட்டு, பள்ளி ஸ்டோர் அறையில் அலமாரிக்கு மேல் வைத்தோம். ஆகஸ்ட்டில் யாரும் திறக்கவில்லை. செப்டம்பரிலும் இல்லை. அக்டோபரில் ஆயுத பூசை வந்தது. பெட்டியை இறக்கினோம். ரோபோவை வெளியே எடுத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினோம். மறுபடி பெட்டிக்குள் போட்டு மேலே ஏற்றிவிட்டோம். யாருமே சுவிட்சைப் போட்டுப் பார்க்கவில்லை.

நவம்பரில் நிகழ்ச்சி நாள் காலையில் திறந்தால் பேட்டரியில் உயிரே இல்லை. ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ் போட்டுக்கொண்டு ஓடினோம். சக்கரங்களில் பிசுபிசுப்பான தூசி. அதற்கு மேல், அந்த மஞ்சள் கூடாரத்தின் வழியாக இறங்கிய மூன்று மணி வெயில், சென்சாரின் கணக்கையே மாற்றியிருக்கும். இவை எல்லாம் பிறகு யோசித்தபோது புரிந்தவை. எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று, நிகழ்ச்சி முடிந்து துடைக்கும்போது கண்டுபிடித்தோம். ரோபோவுக்கு நெற்றி எங்கே என்று தெரியாமல், யாரோ பக்தியோடு பொட்டு வைத்த இடம் நிற சென்சாரின் கண். சந்தனம் காய்ந்து அதை மூடியிருந்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆயுத பூசையில் நம் வீடுகளில் முதலில் என்ன செய்வோம்? அரிவாள், கத்தி, தையல் இயந்திரம், மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, எண்ணெய் போட வேண்டியதற்கு எண்ணெய் போட்டு, பிறகுதான் பொட்டு. அந்த முதல் பாதியை நாங்கள் விட்டுவிட்டோம். பூசையில் தப்பில்லை. துடைக்காமல் பொட்டு வைத்ததில்தான் தப்பு.

இதில் எனக்கு வெட்கமான ஒன்று உண்டு. பராமரிப்புதான் என் தொழில். தொழிற்சாலையில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அட்டவணை தொங்கும். சோதித்தேன், துடைத்தேன், மாற்றினேன் என்று கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வர முடியாது. சம்பளம் தருகிற இயந்திரத்துக்கு அவ்வளவு மரியாதை. நம் பிள்ளைகளின் இயந்திரத்துக்கு ஒரு மாலையும் ஒரு பொட்டும்.

தாத்தாவின் கத்தி

அப்போதுதான் தாத்தா ஞாபகத்துக்கு வந்தார். செண்டாயான் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நம் நாட்டில் வருசத் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பால் குறைந்துபோகும், வருமானமும் குறையும். வெட்டு நிற்கிற நாட்களில் தாத்தா சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வாசல் படியில் உட்கார்ந்து பால் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருப்பார். மங்குகளைக் கழுவிக் கவிழ்ப்பார். வாளியின் பிடியைச் சரிசெய்வார்.

"வேலையே இல்ல, எதுக்குத் தாத்தா தீட்டுறீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

அவர் சொன்னதை அப்போது நான் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. பால் வெட்டுவது என்றால் பட்டையை மெல்லிசாகச் சீவுவது. கத்தி மழுங்கியிருந்தால் கை அழுத்தும். அழுத்தினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொடும். அன்றைக்குப் பால் வரும், கூலியும் வரும். ஆனால் காயம் பட்ட இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது, முண்டு முண்டாக நிற்கும். சில வருசம் கழித்து அதே பக்கத்தில் மறுபடி வெட்ட வருகிறவன் அந்த முண்டில் கத்தி வைக்க முடியாமல் திணறுவான். "அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா அவனுக்குக் கஷ்டம் வைக்கக் கூடாதுல்ல" என்றார்.

அந்தப் பெண் பிள்ளை "எனக்கு வரல போல" என்று சொன்னபோது எனக்கு இந்த முண்டுதான் கண்ணில் தெரிந்தது. மழுங்கிய கத்தியோடு நான் வேலைக்குப் போனேன். அன்றைக்குக் கைதட்டல் வந்தது. காயம் பின்னால் வந்தவளுக்கு.

ஆகவே நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். பராமரிப்பு என்பது பொருளைக் காப்பாற்றுகிற வேலை மட்டும் இல்லை. ஒருநாள் மக்கள் முன்னால் நிற்கும்போது பொய் சொல்ல வேண்டிய நிலைமை வராமல் பார்த்துக்கொள்கிற வேலை அது. நெருக்கடியில் உண்மை பேசும் தைரியத்தை நாம் ரொம்பப் புகழ்கிறோம். அந்த நெருக்கடியே வராமல் நான்கு மாதம் முன்னாலிருந்து துடைத்துக்கொண்டிருப்பவனை யாரும் புகழ்வதில்லை. கீதை சொல்லும் பலன் எதிர்பாராத செயலை நாம் பெரிய பெரிய காரியங்களில்தான் தேடுகிறோம். ஸ்டோர் அறையில் சக்கரத்தைத் துடைப்பதிலும் அது இருக்கிறது.

இப்போது என்ன செய்கிறோம்

முதலில் அந்தப் பெண்ணிடமும் குழுவிடமும் நடந்ததைச் சொன்னேன். மூத்த பையன் தலை குனிந்தான். "நான்தான்டா சொன்னேன், நீ குனியாத" என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப என்னோடது சரியா?" என்று கேட்டாள். அவளுக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். போட்டி இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறக்கிறோம். யார் திறந்தார், என்ன பார்த்தார், என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்து. உங்கள் ஊரிலும் குழு இருந்தால் உதவும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன்.

லித்தியம் பேட்டரியைக் காலியாகப் போட்டு வைக்கக்கூடாது, முழுசாக நிரப்பியும் மாதக்கணக்கில் வைக்கக்கூடாது. ஏறக்குறைய பாதி அளவில் ஓய்வெடுக்க விட வேண்டும். சூமோ ரோபோவில் இருக்கும் லித்தியம் பாலிமர் வகை என்றால் இன்னும் கவனம். வீங்கியிருந்தால் தொடாமல் ஒதுக்கிவிட வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் சார்ஜ் போடவே கூடாது. சக்கர அச்சுகளில் தலைமுடியும் நூலும் சுற்றியிருக்கும், கழற்றி எடுக்க வேண்டும். டயரை ஈரத்துணியால் துடைத்தாலே பிடிமானம் திரும்பிவிடும். ஈவி3-ஐ முறையாக அணைக்காமல் பேட்டரியைக் கழற்றினால் புதிதாக ஏற்றிய புரோகிராம் போய்விடும். எங்களுக்கு ஒரு தடவை போனது. நிகழ்ச்சி நடக்கும் இடத்துக்குப் போனதும் அங்கே இருக்கும் வெளிச்சத்தில் கறுப்பையும் வெள்ளையையும் மறுபடி அளந்து, இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்ணைப் புரோகிராமில் மாற்ற வேண்டும். ஜூலை மாத மண்டபத்தின் எண் நவம்பர் மாதக் கூடாரத்துக்கு உதவாது.

பாதுகாப்பும் உண்டு. அமெரிக்காவில் டீன் காமென் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் பெரிய போட்டியில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஐம்பது கிலோ எடைக்குப் பக்கமாகவும் அதற்கு மேலும் ரோபோ செய்கிறார்கள். போட்டி இல்லாத மாதங்களில் அவற்றைப் பள்ளிகளுக்கும் ஊர் விழாக்களுக்கும் கொண்டுபோய்க் காட்டுவதும் அந்தக் குழுக்களின் வழக்கம். போட்டியில் ரோபோவுக்கும் மக்களுக்கும் நடுவில் தடுப்பு இருக்கும். ஊர் விழாவில் இருக்காது. குழந்தை விரலை நீட்டும். ஆகவே பார்ப்பதற்குச் சாதாரணமாக இருக்கும் செயல்விளக்கத்துக்குத்தான் அதிக விழிப்பு வேண்டும். எங்கள் ரோபோ சின்னது என்றாலும், ஒருவர் கை எப்போதும் நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில் இருக்கும்.

அடுத்து, மேசை மேல் ஓர் அட்டை. மூன்று பக்கம். ஒன்றில் "இன்று தானாக ஓடுகிறது." இரண்டாவதில் "இன்று கையால் இயக்குகிறோம்." மூன்றாவதில் "இன்று ஓடவில்லை. ஏன் என்று எங்களைக் கேளுங்கள்." எந்தப் பக்கத்தைத் திருப்பி வைப்பது என்று பிள்ளைகள்தான் முடிவு செய்வார்கள்.

இன்னொரு மாற்றம். போட்டிக்கு ஒரு குழுவில் இரண்டு, மூன்று பேர்தான் போக முடியும். மற்ற பிள்ளைகள் ரோபோவைத் துடைத்து, தூக்கி, சார்ஜ் போட்டுக் கொடுப்பார்கள். மைக் முன்னால் நிற்பது எப்போதும் பதக்கம் வாங்கியவர்கள். இப்போது நோட்டில் யார் கையெழுத்து அதிகமோ அவர்தான் நிகழ்ச்சியில் பேச வேண்டும். ரோபோவின் இன்றைய உடல்நிலை அவருக்குத்தானே தெரியும்?

வைத்திருப்பதா, பிரிப்பதா?

ஒரு கேள்வி மட்டும் சுலபமாக முடியவில்லை. லெகோ நிறுவனம் 2021-இல் ஈவி3-ஐ நிறுத்திவிட்டது. உதிரிப் பாகம் கிடைப்பது வரவர கஷ்டம். புதிய பிள்ளைகள் பதினைந்து பேர், பெட்டி இரண்டுதான். அதில் ஒரு பெட்டியின் பாகங்கள் எல்லாம் பரிசு வாங்கிய ரோபோவில் இருக்கின்றன. அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டும் என்று பெற்றோர்கள் விரும்பினார்கள். ஓர் அப்பா சொன்னார்: "என் மகன் செஞ்சு ஜெயிச்சது. அதப் பிரிச்சுட்டா என்ன மிச்சம்?"

அவரை லேசில் ஒதுக்கிவிட முடியாது. நம் சமூகத்தில் பிள்ளைகள் வென்ற பொருளைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் கிடைப்பதே அரிது. தோட்டம் போனது, லயம் போனது, பழைய பொருள் எதுவும் மிஞ்சவில்லை என்ற வருத்தம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் உண்டு. இதையாவது வைத்திருப்போம் என்று அவர் நினைத்ததில் என்ன தவறு?

ஆனால் இரண்டு விசயம் என்னை மறுபக்கம் இழுத்தன. ஒன்று, உலக ரோபோ ஒலிம்பியாட். 2004-இல் சிங்கப்பூரில் முதன்முறை நடந்தது, 2012-இல் அதன் உலக இறுதிச்சுற்று நம் கோலாலம்பூரில் நடந்தது. அதன் வழக்கமான பிரிவில் பல ஆண்டுகள் ஒரு விதி இருந்தது. ரோபோவைத் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கொண்டுவர வேண்டும். குறிப்பு எதையும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்து கட்ட வேண்டும். கையில் கொண்டுவரும் ரோபோவைவிட மண்டைக்குள் இருக்கும் ரோபோவுக்குத்தான் அங்கே மதிப்பு.

இரண்டாவது, திருவாரூர் ஆழித்தேர். 1926-இல் தீயில் எரிந்தது. புதிதாகச் செய்தார்கள். பிறகு பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 1970-இல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனத்தின் உதவியோடு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. மரம் மாறியது, அச்சு மாறியது. இருந்தாலும் ஊர் அதை ஆழித்தேர் என்றுதான் கூப்பிடுகிறது, தேங்காய் உடைத்து வடம் பிடிக்கிறது. பழைய கட்டை இருப்பதால் அது ஆழித்தேர் ஆகவில்லை. ஓட்டுகிற ஊர் இருப்பதால்தான் ஆழித்தேர். ஓடாமல் நின்ற வருசங்களில்தான் அதற்கு ஆபத்து.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். பரிசு வாங்கிய ரோபோவைக் கட்டும் முறையை ஒவ்வொரு படியாகப் படம் எடுத்தோம். புரோகிராமை இரண்டு இடத்தில் சேமித்தோம். செய்த பையனே தன் கையெழுத்தில் குறிப்பு எழுதினான். பிறகு அவனே உட்கார்ந்து பிரித்தான், பக்கத்தில் புதிய பிள்ளைகள் இருவர் பாகங்களைப் பிரித்து அடுக்கினார்கள். இன்னொரு ரோபோவை முழுசாக, ஓடும் நிலையில், நிகழ்ச்சிகளுக்கு என்று வைத்துக்கொண்டோம். கண்ணாடி அலமாரியில் படமும் கிண்ணமும் இருக்கின்றன.

அந்த அப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான். நான் சொன்னது அவருக்கு முழுசாக ஒப்பவில்லை. எனக்கும் பெட்டியைப் பார்க்கும்போது சில நேரம் மனம் கனக்கிறது. சரியான முடிவு எடுத்தால் வருத்தமே இருக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

போன மாதம்

போன மாதம் ஒரு பள்ளி நிகழ்ச்சி. மேசை, வெள்ளை விரிப்பு, கறுப்புக் கோடு. மைக் அந்தப் பெண்ணிடம். நோட்டில் அதிகக் கையெழுத்து அவளுடையதுதான். அட்டையில் "இன்று தானாக ஓடுகிறது" என்று இருந்தது. மூன்று சுற்று அழகாக வாத்து நடை போட்டது. நான்காவது சுற்றில் மேகம் விலகி வெயில் உள்ளே விழுந்தது. ரோபோ கோட்டை விட்டுவிட்டது.

கூட்டம் "அய்யோ" என்றது. என் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்கு, கைப்பேசிக்குப் போனது. பழக்கம் அப்படி. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ரோபோவை நிறுத்தி, அட்டையை மூன்றாவது பக்கத்துக்குத் திருப்பினாள். மைக்கில் சொன்னாள்:

"வெளிச்சம் மாறிடுச்சு. இதுக்கு இப்ப கறுப்பு எது, வெள்ளை எதுன்னு குழப்பம். திரும்பச் சொல்லிக் கொடுக்கணும். ரெண்டு நிமிசம் இருங்க."

யாரும் போகவில்லை. சின்னப் பிள்ளைகள் இன்னும் நெருங்கி வந்தார்கள். அவள் சென்சாரைக் கறுப்பில் வைத்து எண்ணைப் படித்தாள், வெள்ளையில் வைத்துப் படித்தாள். ஒரு பையன் நடு எண்ணைக் கணக்குப் போட்டுக் கத்தினான். தப்பாகக் கத்தினான். இன்னொருவன் திருத்தினான். ரோபோ மறுபடி ஓடியது. முதல் தடவை ஓடியபோது வந்த கைதட்டலைவிட இது பெரிதாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குத்தான் வேறு மாதிரி கேட்டது.

தம்பி தங்கைகளே, உங்கள் ஊரில் ரோபோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் மன்றத்திலும் ஒரு பெட்டி இருக்கும். போன திருவிழாவுக்குப் பிறகு திறக்காத ஆர்மோனியம், தோல் தளர்ந்த மிருதங்கம், மருந்து காலாவதியான முதலுதவிப் பெட்டி. அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேர் போய், பெட்டியை இறக்கி, திறந்து பாருங்கள். துடையுங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். பொட்டு வைப்பதாக இருந்தால், துடைத்த பிறகு வையுங்கள். எங்கே வைக்கிறோம் என்றும் பார்த்து வையுங்கள்.